பதினாறாவது அடி

பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு, கலாமணி தன் நோட்டில் பதினைந்து அடிகளை எழுதிவிட்டுப் பதினாறாவதற்கு வெறும் இடம் விட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலாங்காட்டுப்பாளையத்தின் நாலாயிரம் விசைத்தறிகளும் பதினைந்து அடி அடித்துவிட்டுப் பதினாறாவதற்கு வெறும் இடம் விட்டன. நடந்தது இவ்வளவுதான். ஏன் நடந்தது என்று கேட்டவர்கள் மொத்தம் மூன்று பேர், மூவரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களான நாங்கள் கேட்டதெல்லாம் சரி, இனி என்ன பண்ணுவது என்பது மட்டும்தான்.

அதையும் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். நான் ஆறுச்சாமி, இந்த ஊரில் முப்பது வருஷமாகத் தறி ஃபிட்டர். தறி நின்றால் முதல் திட்டு எனக்கு, ஓடினால் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. தெருமுனையில் நின்று சத்தத்தைக் கேட்டே எந்தத் தறியில் பெல்ட் தளர்ந்திருக்கிறது, எதில் நாடா தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் காது என்னுடையது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ச் சத்தத்தை வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாயும், பலகை வந்து அந்த நூலைத் துணியோடு சேர்த்து அடிக்கும், அது ஒரு அடி. அப்படி வினாடிக்கு இரண்டு அடி, நாலாயிரம் தறி, மூன்று ஷிப்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஓய்வு. அதனால் நாங்கள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிப்போம், விரலைக் காட்டி டீ சொல்வோம், கல்யாண வீட்டில் மேளம் கொட்டுகிறார்களா என்று மேளக்காரர் தோளைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம், தூளியில் கிடக்கும் குழந்தை அழுகிறதா என்று தூளியின் ஆட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். கரண்ட் போனால் அமைதி வருமே என்று நினைக்காதீர்கள். கரண்ட் போன அந்த நிமிஷத்தில் ஊரே அத்தனை நாள் அடக்கி வைத்த பேச்சையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும், தறிச் சத்தமே தேவலை என்று ஆகிவிடும்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் பாளையங்கோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஜெமிமா டீச்சர், வயது இருபத்தாறு, நூல் கடை மாடியில் பாட்டு வகுப்பு என்று போர்டு மாட்டினார். ஒரு மாதம் ஈ காக்கை வரவில்லை. பிறகு ஒருநாள் வெறுங்காலோடு நின்றிருந்தபோது ஊரின் அடி உள்ளங்கால் வழியாக ஏறி வருவதைக் கவனித்தவர், போர்டில் பாட்டை அழித்துவிட்டுத் தாளம் என்று எழுதினார், அதற்கப்புறம் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்தோம், ஒன்பது பேரும் டீச்சரைவிட மூத்தவர்கள், ஒன்பது பேரும் ஹோம்வொர்க் செய்யாமல் வந்து அசடு வழிகிறவர்கள்.

வகுப்பில் மூன்று பாடம். முதல் பாடம் வாசிப்பு: டீச்சர் கரும்பலகையில் தலை உருண்ட குச்சிகளை வரிசையாக எழுதுவார், குச்சிக்கு ஒரு தட்டு நாங்கள் தட்ட வேண்டும், நடுவில் புழு மாதிரி நெளிந்த ஒரு குறி வந்தால் அது மௌனம், அங்கே தட்டாமல் இரண்டு கையையும் மேலே பார்க்க விரிக்க வேண்டும். "விரிச்சிட்டுச் சும்மா நிக்கக்கூடாதுண்ணே, உள்ளுக்குள்ள எண்ணணும், எண்ணாட்டா அது மௌனம் இல்ல, தூக்கம்" என்பார் டீச்சர். இரண்டாவது பாடம் மனோதர்மம்: டீச்சர் நாலு அடி தட்டுவார், நாம் அதே நாலு அடிக்குள் சொந்தமாக எதையாவது தட்டிப் பதில் சொல்ல வேண்டும், எனக்கு எப்போது பார்த்தாலும் டீச்சர் தட்டியதேதான் வரும். மூன்றாவது பாடம் கேட்டெழுத்து. காதில் விழுவதை விழுந்தபடி நோட்டில் எழுத வேண்டும், இருக்கும் என்று நினைப்பதை எழுதக்கூடாது.

கலாமணி வையாபுரி அண்ணனின் தறிக்குடோனில் நாலு தறி ஓட்டுகிறவள். அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் அங்கேதான் அடுத்த ஷிப்டு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள் தாரிகா, அப்போது ஐந்தரை வயது, பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கோயமுத்தூரில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். காது பழுதில்லை, தொண்டை பழுதில்லை, நாக்கு பழுதில்லை என்று மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒருவர் மட்டும், தாளம் பழகினால் பேச்சு வரலாம் என்று போகிற போக்கில் சொல்லிவைத்தார், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கலாமணி மாடி ஏறினாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளை வாய் திறக்காவிட்டால், பேசாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி எங்கேயோ நூற்றைம்பது மைல் தள்ளி இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை நாச்சிமுத்து பூர்த்தி செய்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கலாமணி அந்தப் படத்துக்குப் பூ வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வைப்பாள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை கேட்டெழுத்துக்கு டீச்சர் தறியையே கொடுத்தார். "இன்னைக்கு நான் தட்ட மாட்டேன். சன்னலத் திறந்து வச்சிருக்கேன், ஊர் தட்டுறத எழுதுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, பென்சிலைக்கூடச் சரியாகப் பிடிக்காமல் பதினாறு குச்சி போட்டுக் கோடு இழுத்தேன், மற்ற ஏழு பேரும் பதினாறு போட்டார்கள், கலாமணி மட்டும் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக் கேட்டுப் பதினைந்து போட்டுப் பதினாறாவதற்கு ஒரு புழு போட்டாள். டீச்சர் சிவப்புப் பேனாவால் அந்தப் புழுவைச் சுற்றி வட்டம் போட்டார்.

"யக்கா, இந்த எடத்துல தறி நிக்கலியே?"

"எனக்கு அப்படித்தானுங் டீச்சர் கேக்குது."

"இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்க."

கலாமணி இன்னொரு தரம் கேட்டாள், இன்னொரு தரம் பதினைந்தும் ஒரு புழுவும் எழுதினாள். நான் என் நோட்டை அவள் பக்கம் நகர்த்திக் காட்டினேன், அந்தக் கெட்ட புத்தியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தாரிகா மேசைக்கு அடியில் உட்கார்ந்து எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தறிகள் இடம் விட்டபோது முதலில் ஓடி வந்தவர் வையாபுரி அண்ணன், தறிக்காரர் சங்கத் தலைவர், வேட்டியை மடித்துக் கட்ட மறந்து ஓடி வந்தார். நான் மோட்டாரைக் கழற்றினேன், பெல்ட்டை மாற்றினேன், ஒரே நாளில் இருபத்தெட்டுத் தறியைப் பிரித்துச் சேர்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது, எல்லாம் பதினாறாவது அடிக்குப் பலகையைத் தூக்கியபடி அப்படியே நின்று, பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடியது. மின்வாரியத்தார் வந்து மின்மாற்றியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கரண்ட் சரியாகத்தான் வருகிறது, உங்கள் தறிக்குத்தான் ஏதோ யோசனை என்று சொல்லிப் போனார்கள். மூன்றாம் நாள் டீச்சர் கலாமணியின் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். நான் உடனே என் நோட்டில் பதினாறு குச்சியை அழுத்தி அழுத்தி எழுதினேன், டீச்சரும் எழுதினார், தறிகள் எங்கள் இருவரையும் மதிக்கவே இல்லை.

எட்டு வினாடிக்கு ஒருமுறை, அரை வினாடி நேரம், ஊர் முழுக்க ஒரே சமயத்தில் அமைதி. முதல் வாரம் கைக்குழந்தைகள் எல்லாம் எட்டு வினாடிக்கு ஒருமுறை திடுக்கிட்டு விழித்து அழுதன, அமைதியைப் பார்த்திராத குழந்தைகள், பாவம். பெரியவர்களும் பேச வாய் வராமல் திகைத்துப்போய்த்தான் இருந்தோம். இரண்டாம் வாரம் ஆளாளுக்கு அந்த இடத்தைப் புழங்கத் தொடங்கினோம்: டீக்கடையில் ஒரு இடைவெளிக்கு ஒரு டீ சொன்னோம், சர்க்கரை வேண்டாம் என்றால் அதற்கு அடுத்த இடைவெளி, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு இடைவெளிக்கு ஒரு சொல் என்று பாடம் சொன்னார், பிள்ளைகள் முதல் தடவையாக எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினார்கள், குழாயடியில் சண்டை பிடிக்க ஆளே இல்லாமல் போனது, முதல் வசவுக்கும் இரண்டாவது வசவுக்கும் நடுவில் எட்டு வினாடி காத்திருந்தால் யாருக்குத்தான் கோபம் நிற்கும். வையாபுரி அண்ணன் தன் வீட்டுக்காரி பாத்திரம் கழுவும்போது பாடுகிறவள் என்பதை இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார். என் வீட்டு முருங்கையில் ஒரு செம்போத்து உட்கார்ந்து கூவுகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஊருக்குள் விருந்தாளியாக வந்துபோகும் உறம்பரை ஜனம், என்னங்க இது விட்டு விட்டுப் பேசுகிறீர்கள் என்று கேட்டால், தறி அப்படி ஓடுதுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம்.

தாரிகா பேசியது மூன்றாம் நாள் மத்தியானம், மற்றவர்கள் இன்னும் திகைத்துக் கிடந்தபோதே. நான் அந்தக் குடோனில்தான் ஒரு தறியைப் பிரித்துப் போட்டு அதன் அடியில் படுத்திருந்தேன். தறிகள் நின்றன, அந்த அரை வினாடிக்குள், கணீரென்று ஒரு குரல்.

"நூலு."

தறிகள் ஓடின. எட்டு வினாடி. தறிகள் நின்றன.

"அறுந்துருச்சு."

கலாமணி திரும்பிப் பார்த்தாள், இரண்டாவது தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது, அவள் தறியை நிறுத்தி, நூலை எடுத்து, முடிச்சுப் போட்டு, ஓட விட்டாள், அது வரைக்கும் கை மட்டும்தான் வேலை செய்தது. அப்புறம் பஞ்சுத் தூசிக்குள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தறிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. ஐம்பத்தைந்து வயது ஆள் அழுவதை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நிறுத்தவில்லை. இடைவெளிக்கு ஒரு வார்த்தை, மணிக்கு நானூற்றைம்பது வார்த்தை, சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் எட்டு வினாடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனாள். என்ன பேசுகிறாள் என்று நாலைந்து நாள் யாருக்கும் பிடிபடவில்லை, முன்பின் தெரியாத சிவப்புச் சேலை, விழுந்த பல்லி, சுட்ட வெயில் என்று ஏதேதோ வந்தது. கலாமணிக்குத்தான் முதலில் பிடிபட்டது: சிவப்புச் சேலை அவளுக்குத் தூளி கட்டியது. பிள்ளை பிறந்ததிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். சத்தம் முடியட்டும், நம் முறை வரும், வந்ததும் பேசலாம் என்று ஐந்தரை வருஷம் மரியாதையாகக் காத்திருந்த பிள்ளை அது. டாக்டர் வீட்டில் அமைதிதான், ஆனால் அங்கே டாக்டர், அம்மா, அப்பன் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள், அங்கேயும் அவள் முறை வரவில்லை.

டீச்சர் உடனே கேட்டெழுத்துப் பாடத்தை மாற்றிவிட்டார். ஒன்பது பேரும் முறை போட்டுக்கொண்டு தாரிகாவோடு உட்கார்ந்தோம், பதினைந்து குச்சி போட்டுப் பதினாறாவது இடத்தில் அவள் சொல்லும் வார்த்தையை எழுதினோம், வியாழக்கிழமை அதைத் தட்டி வாசித்தோம். எனக்குச் செவ்வாய்க்கிழமை. இரண்டு வயதில் வந்த காய்ச்சலை அவள் சொன்னது என் முறையில்தான்.

"சுட்டுது." எட்டு வினாடி. "தண்ணி." எட்டு வினாடி. "கேட்டன்." எட்டு வினாடி. "பாலு." எட்டு வினாடி. "குடுத்த."

கலாமணி எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள், மூன்றரை வருஷம் தாமதமாக. தாரிகா அதை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, அடுத்த இடைவெளியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இதெல்லாம் தெரு முழுக்கத் தெரிந்தபோது, யாரும் சொல்லாமலே ஒரு பழக்கம் வந்தது: தாரிகா இருக்கும் தெருவில் பதினாறாவது அடியில் வேறு யாரும் பேசுவதில்லை. டீ வேண்டுமென்றால் பழையபடி விரலைக் காட்டினார்கள். கீரைக்காரம்மா அந்த இடத்தில் கூவாமல் கூடையை இறக்கி வைத்துக் கையை விரித்துக் காட்டிவிட்டு நடந்தார், எங்கள் வகுப்பு மாடியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கள் ஊரைப் பற்றி நானே எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன், ஆனால் அந்த இரண்டு மாதத்துக்காக இந்த ஊரின் காலில் விழலாம்.

நாச்சிமுத்து மட்டும் விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. "தறி சரியாயிட்டா இவ மறுக்காவும் வாய மூடிக்குவாளோ என்னமோங்க, ஃபிட்டரே" என்றார் என்னிடம். தறியைச் சரிசெய்யத்தானே எனக்குப் பிழைப்பு.

தறி சரியாக வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பதினாறு ஊடைக்கு ஒருமுறை துணியில் மயிரிழைக் கோடு விழுந்தது. வேட்டியிலும் கோடு, துண்டிலும் கோடு, லாரி லாரியாகத் துணி திரும்பி வந்து குடோன் வாசலில் அடைந்தது. இட்லித் துணிக்கு மட்டும் அது அருமையாக இருந்தது, ஆவி நன்றாகப் போகிறது என்று பெண்கள் சொன்னார்கள், ஆனால் ஒரு ஊரே இட்லித் துணி விற்றுப் பிழைக்க முடியாது. வைகாசி பிறந்ததும் இரண்டு குடோன்களில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். சங்கத்தில் கூட்டம் போட்டார்கள், இடைவெளி இடைவெளியாகப் பேசி முடிக்க முழு நாள் ஆனது, அதைச் சேர்த்து எழுதினால் இவ்வளவுதான்.

"அம்மிணி, அந்தப் புழுவ அழிச்சுப் போடு" என்றார் வையாபுரி அண்ணன். "நீ எழுதுனது, நீதான் அழிக்கோணும்."

டீச்சர் எழுந்தார். "அழிக்கக்கூடாதுண்ணாச்சி. அது கேட்டு எழுதினது, மறுபடி கேட்டுத்தான் வேற எழுதணும். காதுல விழாதத எழுதினா தறி நம்மள மதிக்காது, ஆறுச்சாமியண்ணன் எழுதிப் பாத்துட்டாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் கலாமணி நோட்டோடு எழுந்தாள்.

"அண்ணா, அவ இன்னும் நாலு வயசுலதானுங்க இருக்கறா. இன்னிக்கு வரைக்கும் வந்து சேரட்டுங்க. வந்து சேந்த அன்னிக்கு நான் உக்காந்து மறுக்காக் கேக்கறனுங்க. எது கேக்குதோ அத எழுதறன். சாமி சத்தியமா வேற எழுத மாட்டனுங்க."

வையாபுரி அண்ணன் தோள் துண்டில் விழுந்திருந்த கோட்டை விரலால் நீவிப் பார்த்தார். அவருக்குத்தான் எல்லோரையும்விட அதிகத் துணி திரும்பி வந்திருந்தது. கடைசியில், "பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும்" என்று மூன்று இடைவெளியில் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் ஊரே நாள் எண்ணியது. எந்த வயசுல இருக்கறா என்பதுதான் தெருவில் விசாரணை. நாலரைக்கு வந்துட்டா. நாய் துரத்தினதைச் சொல்லிட்டா. டாக்டர் வீட்டு மீன்தொட்டிக்கு வந்துட்டா. பள்ளிக்கூடம் திறக்க ஆறு நாள் இருக்கும்போது, என்னுடைய செவ்வாய்க்கிழமையில், அவள் அந்த வியாழக்கிழமைக்கு வந்து சேர்ந்தாள். விஷயம் தெரிந்து குடோன் வாசலில் கூட்டம் கூடிவிட்டது, டீச்சர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார், கலாமணி தறியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: மேசைக்கு. அடியில. இருந்தன். அம்மா. எழுதுச்சு. பதினஞ்சு. தப்பில்ல. தறி. ஓட்டறப்போ. பதினஞ்சு. பாக்கும். அப்புறம். தல. திரும்பும். என்னையப். பாக்கும். எப்பவும்.

பென்சில் என் கையிலிருந்து விழுந்தது. தூளி கட்டிய அன்றிலிருந்து, குழந்தை அழுகிறதா என்று காதால் கேட்க முடியாத ஊரில், இந்தப் பெண் பதினைந்து அடிக்கு ஒருமுறை தலையைத் திருப்பித் தூளியைப் பார்த்திருக்கிறாள். திரும்பிய அந்த ஒரு அடியில் அவளுக்குத் தறியே இல்லை. அவள் காதில் விழுந்ததைத்தான் விழுந்தபடி எழுதினாள், வகுப்பில் அன்றைக்கு ஒழுங்காகக் கேட்டெழுதியவள் அவள் ஒருத்திதான். முப்பது வருஷமாக எத்தனை குடோனில் எத்தனை பெண்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன், கழுத்து வலி என்று நினைத்திருந்தேன். வாசலில் நின்ற பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

டீச்சர் கலாமணியின் நோட்டை வாங்கி, தான் போட்ட சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பாலேயே பெரிய சரி ஒன்று போட்டார். "மன்னிச்சிருங்க யக்கா" என்றார். அது தறிச் சத்தத்தில் கேட்கவில்லை, உதட்டில் படித்தோம்.

தாரிகா அன்றைய தினத்துக்கு வந்துவிட்டாள். காலையில் சாப்பிட்ட ஆப்பத்தைச் சொன்னாள், வாசலில் நிற்கிறவர்களைச் சொன்னாள், என் பென்சில் விழுந்ததைச் சொன்னாள். அடுத்த இடைவெளியில், "அவ்வளவுதான்" என்றாள். அதற்கடுத்த இடைவெளியில் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறாவது அடி முதல் தடவையாகக் காலியாக வந்து காலியாகப் போனது.

கலாமணி மகளைத் தன் முட்டியோடு சேர்த்து நிறுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். பிள்ளை கைக்குள்ளேயே இருந்தாள், திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் எதுவும் இல்லை. வெகுநேரம் கேட்டாள். பிறகு நோட்டில் அந்த வரிக்குக் கீழே, மெதுவாக, ஒவ்வொன்றாக, பதினாறு குச்சி எழுதினாள். கடைசிக் குச்சியின் தலையை உருட்டி முடித்தபோது தறிகள் பதினைந்து அடித்துப் பதினாறும் அடித்தன, நிற்கவில்லை, மறுபடி பதினாறும் நிற்கவில்லை, இரண்டு மாதமாகக் கேட்காத அந்த முழுச் சத்தம் கூரையிலிருந்து தலையில் இறங்கியது. வையாபுரி அண்ணன் துணியைத் தொட்டுப் பார்த்தார், கோடு இல்லை. அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை, திரும்பிப் பிள்ளையைத்தான் பார்த்தார்.

தாரிகா வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

நான் எத்தனையோ தறி நின்றுபோய்ப் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளையின் வாய் மூடியிருந்ததைப் பார்த்தது போல எதையும் பார்த்ததில்லை. நாச்சிமுத்து சுவரில் சாய்ந்து நின்றார். கலாமணி அழவில்லை, எழுந்து, தன் நாலு தறியையும் ஓட விட்டு, இடத்தில் போய் நின்றாள். என் உதடு தானாக எண்ணியது. பதிமூன்று, பதினாலு, பதினைந்து, பழக்கத்தில் அவள் கழுத்து திரும்பியது, வாசலில் நின்ற அத்தனை பேரும், உள்ளே இருந்த நானும், கையை விரித்தோம். தறி நிற்கவில்லை. நாங்கள் நின்றோம்.

"ம்மோவ்! நூலு!"

நாலாயிரம் தறியின் சத்தத்துக்கு மேலே ஏறி வந்தது அந்தக் குரல். மூன்றாவது தறியில் நூல் தொங்கியது. கலாமணி ஓடிப்போய் முடிச்சுப் போடுவதற்குள், அது நாலாவது அடியா ஏழாவது அடியா என்றுகூடப் பார்க்காமல், "மூணாவது தறிம்மா, நான்தான் மொதல்ல பாத்தன், ஃபிட்டர் மாமா பாக்கவே இல்ல, எனக்குப் பசிக்குது, அப்பன் எதுக்கு அழுவுது" என்று கண்ட இடத்தில் தட்டி, கண்ட இடத்தில் விட்டு, சொந்தமாக ஒரு கணக்கில் போய்க்கொண்டே இருந்தாள். இரண்டாவது பாடம் அதுதான், எனக்கு இன்று வரை வராத பாடம். டீச்சர் என் தோளைத் தட்டி அவளைக் காட்டினார்.

விண்ணப்பத்தை நாச்சிமுத்து சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, டீக்கடையில் வடை மடிக்கக் கொடுத்துவிட்டார். தாரிகா இப்போது ஐந்தாம் வகுப்பு, பேசிப் பேசி வகுப்புக்கு வெளியே நிற்கிறவள், போன வாரம்கூட நாச்சிமுத்து என்னிடம் வந்து, கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க ஏதாவது வழி உண்டா ஃபிட்டரே என்று கேட்டார், தறியையா என்றேன், இல்லீங்க அவளை என்றார். அது என் தொழிலில் சேராது என்று சொல்லி அனுப்பினேன், உள்ளுக்குள் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சொன்னேன்.

தறிகள் இப்போது நிற்பதில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் பதினைந்து அடி பேசினால் பதினாறாவது அடியில் வாயை மூடிக் கையை விரிக்கிறோம், டீக்கடையிலும் செய்கிறோம், சண்டையிலும் செய்கிறோம். வெளியூர்க்காரர்கள் யாருக்காக என்று கேட்கிறார்கள். இன்னும் யாராவது தன் முறைக்குக் காத்துக்கொண்டு இருப்பார்கள், அவர்களுக்காகத்தான்.